மதகு யாருடையது? ஒரு எழுத்துமூலக் கேள்வியின் கதை

கேள்வி: நாடாளுமன்ற உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் எழுத்தில் கேட்கும் கேள்விகளால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா, அல்லது அது வெறும் சடங்கா?

நடக்கிறது. நான் ஒரு மதகை வைத்துச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வலிகாமம் பக்கம் எங்கள் ஊர். கிராம அபிவிருத்திச் சங்கத்தில் சில வருடங்கள் செயலாளராக இருந்தேன். ஊருக்குள் வரும் வீதியில் ஒரு பழைய மதகு, அதாவது வீதிக்குக் கீழால் தண்ணீர் போகும் சிறு பாலம். கார்த்திகை பிறந்தால் வயல் வெள்ளம் அதற்கு மேலால் பாயும். பிள்ளைகள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கடந்து பள்ளிக்கூடம் போவார்கள். ஒரு மாரியில், பிரசவ வலி எடுத்த ஒரு பெண்ணை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

கடிதம் எழுதாத இடம் இல்லை. ஓர் அலுவலகம் "அது மாகாணத்தின் வீதி" என்றது. இன்னொன்று "அதை மத்திக்குக் கொடுத்தாயிற்று" என்றது. மூன்றாவது, மதகு கட்டத் தங்களிடம் நிதி இல்லை என்றது. இங்கே A, B வகை வீதிகள் மத்திய அரசுக்கும், C, D வகை வீதிகள் மாகாணத்துக்கும், மிச்ச ஒழுங்கைகள் உள்ளூராட்சி சபைகளுக்கும் உரியவை. வீதி எந்த வகையில் இருக்கிறது என்று தெரியாதவரை யாரிடமும் பொறுப்புக் கேட்க முடியாது. ஏழு வருடக் கடிதங்கள் ஒரு பைலில் சேர்ந்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனோம். அவருக்குக் கேள்விகள் எழுதிக்கொடுக்கும் அக்கா ஒருவர் அங்கே இருந்தார். நாங்கள் எழுதிக்கொண்டுபோன கேள்வி இப்படி இருந்தது: "எமது வீதி பல வருடங்களாகப் புறக்கணிக்கப்பட்டு வருவதையும் மக்கள் படும் துன்பத்தையும் அமைச்சர் அறிவாரா? இதற்கு எப்போது தீர்வு கிடைக்கும்?"

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். "தம்பி, இதை இப்பிடியே அனுப்பினால் ‘அறிவேன், நடவடிக்கை எடுக்கப்படும்’ எண்டு ஒரு வரி வரும். அதோட முடிஞ்சுது. அவையள் தப்பிப் போக முடியாத மாதிரிக் கேக்கோணும்" என்றார்.

அவர் எழுதியது வேறு மாதிரி. இந்தச் சந்தியிலிருந்து இந்தச் சந்தி வரையான வீதி அமைச்சின் கீழுள்ள நிறுவனத்தின் வீதி நிரலில் உள்ளதா; ஆமெனில் அதன் நீளம் எவ்வளவு; கடந்த ஐந்து வருடங்களில் அதன் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையும் செலவழித்த தொகையும் வருடவாரியாக எவ்வளவு; இந்த மதகு கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட திகதி எது; புனரமைப்புத் தொடங்கும் திகதி எது என்பவற்றை அமைச்சர் இச்சபைக்கு அறிவிப்பாரா? இன்றேல், ஏன்?

சபையின் அன்றைய அலுவல்களைப் பட்டியலிடும் நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தைப் பார்த்தால் கேள்விகள் பெரும்பாலும் இந்த "இன்றேல், ஏன்?" என்ற வாலோடுதான் முடியும். முதலில் எனக்கு அது ஒரு சம்பிரதாய வரியாகவே தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் அமைச்சர் "இல்லை" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். அவை இருப்பதால் இல்லாமைக்கும் ஒரு காரணத்தை எழுத்தில் தரவேண்டி வருகிறது.

கேள்வி இப்படி உணர்ச்சியே இல்லாமல் இருப்பதற்கு விதிகளும் காரணம். வாதம், வசை, ஊகம் இருக்கக் கூடாது. அமைச்சரின் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. எங்கள் கோபம் முழுவதையும் அந்த அக்கா வெட்டி எடுத்தபோது எனக்கு மனம் நொந்தது உண்மை. ஆனால் வெட்டிய பிறகு மிஞ்சியது சரிபார்க்கக்கூடிய ஐந்து விடயங்கள். "புறக்கணிப்பு" என்ற சொல்லை எந்த அமைச்சரும் மறுக்கலாம். ஐந்து வருடத்தில் எவ்வளவு செலவழித்தீர்கள் என்றால் ஒரு தொகையைச் சொல்லியே ஆகவேண்டும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். கேள்வி ஒழுங்குப் பத்திரத்தில் வந்த பிறகு ஒரு நாள், மதகடியில் இரண்டு பேர் அளவு நாடாவோடு நின்றார்கள். அகலம், உயரம், வீதியின் நீளம் எல்லாம் அளந்து கொப்பியில் குறித்தார்கள். அந்த மதகை யாராவது அளந்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். விசாரித்தபோது, "கொழும்பில இருந்து அவசரமா விவரம் கேட்டிருக்கினம்" என்றார்கள்.

அமைச்சருக்கு எங்கள் மதகைத் தெரியாது. கேள்வி அமைச்சின் செயலாளரிடம் போய், திணைக்களத்துக்குப் போய், மாவட்டத்துக்கு இறங்கி, கடைசியில் எங்கள் கடிதங்கள் கிடந்த அதே மேசைக்கு வருகிறது. ஊர்ச் சங்கத்தின் கடிதம் அந்த மேசையில் வருடக்கணக்காகத் தூங்கலாம். அமைச்சர் சபைக்குத் தரப்போகும் விடை என்றால் அங்கே யாரும் பிழையான கணக்கை அனுப்பத் துணியமாட்டார்கள். பிழையான தகவல் சபைக்குத் தரப்பட்டால் சபையின் உரிமை மீறப்பட்டது என்று உறுப்பினர் சிறப்புரிமைப் பிரச்சினை எழுப்பலாம்.

தாமதத்தையும் சொல்லவேண்டும். முதல் தரம் எங்கள் கேள்வி வந்தபோது விடையளிக்கக் கால அவகாசம் கோரப்பட்டது. விடை வர மாதங்கள் போய், இன்னொரு மாரியும் கடந்தது. இந்த அவகாசக் கோரிக்கைதான் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை என்று நான் நினைக்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு சாதாரண குடிமகன் விண்ணப்பித்தால், தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மக்கள் தெரிவுசெய்த பிரதிநிதி அதைவிட நெடுநாள் காத்திருப்பது சரியில்லை.

விடை வந்தது. இரண்டு பக்கம், சிங்களத்தில். சபை நடவடிக்கைகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் விடை எந்த மொழியில் தரப்படுகிறதோ அந்த மொழியில்தான் அச்சாகும். அயலில் இருந்த ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் திண்ணையில் இருந்து வரிவரியாகச் சொல்ல நான் எழுதினேன். வீதி நிரலில் உள்ளதா என்ற கேள்விக்கு விடை ஒரே சொல்: ஆம்.

ஏழு வருடம் மூன்று அலுவலகங்கள் பந்தாடிய விடயத்தை அந்த ஒரு சொல் முடித்துவைத்தது. அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக்கொண்டு அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கூடும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போனோம். "இது எங்கட வீதி இல்லை" என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. விடையில் ஒரு வருடம் மட்டும் பராமரிப்புக்குப் பணம் செலவழித்ததாக இருந்தது. ஊரில் எவரும் அந்த வேலையைக் காணவில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டபோது, வீதியின் மறுமுனையில் வடிகால் துப்புரவாக்கிய செலவு அது என்று பில்லோடு காட்டினார்கள். சரி, கள்ளக்கணக்கு என்று நாங்கள் வீணாகச் சந்தேகப்பட்டுத் திரியவில்லை. அடுத்த ஆவணிக்குள் புதிய மதகு வந்துவிட்டது.

"மதகு மாதிரிச் சின்ன விடயத்துக்குச் சரி, பெரிய இடத்தில் இது எடுபடுமா" என்று கேட்கலாம். 1957இல் இந்திய மக்களவையில், ஆயுள் காப்புறுதிக் கழகம் முந்திரா என்ற தொழிலதிபரின் கம்பனிகளில் பணம் போட்டது பற்றிக் கேள்விகள் எழுந்தன. அதை விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், அதுவும் பிரதமர் நேருவின் மருமகன். அமைச்சர் தரப்பின் விடைகளும் வெளியே தெரியவந்த விவரங்களும் ஒத்துப்போகவில்லை. நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை நடந்தது. 1958 பெப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முதல் விடை எழுத்தில் பதிவாகிவிட்டால், இரண்டாவது கேள்விக்கு அதுவே சாட்சி.

எங்களைப் போன்ற இடத்துக்கு இது இன்னும் முக்கியம். 225 பேர் கொண்ட சபையில், கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2024 தேர்தலில் 6 ஆசனங்கள்தான். 2010இல் 9 இருந்தது. விவாதத்தில் சிறிய கட்சிகளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். எழுத்துமூலக் கேள்விக்குப் பேச்சு நேரமே தேவையில்லை. போர்க்காலத்தில் படையினர் எடுத்த காணிகள் விடயத்திலும் இதையே சொல்வேன். "எங்கள் நிலம் எப்போது கிடைக்கும்" என்ற உரை கைதட்டலோடு முடியும். இந்தக் கிராம அலுவலர் பிரிவில் இத்தனை ஏக்கர் இன்னும் விடுவிக்கப்படாமல் உள்ளதா, எந்தத் தேவைக்காக, அதற்கான வர்த்தமானி எது என்று பிரிவு பிரிவாகக் கேட்டால், அடுத்த வருடம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடல் பக்கமும் அப்படித்தான். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் டில்லியில் மீனவர் கைது பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இந்திய வெளியுறவு அமைச்சு தரும் விடைகளில் எத்தனை பேர், எத்தனை படகு என்று விவரம் இருக்கும். எங்கள் மீனவச் சங்கங்கள் அவற்றையும் எடுத்து வாசிக்கவேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 230 கேள்விகள் வரை எழுத்துமூல விடைக்கு எடுக்கிறார்கள்.

எனக்கு ஆறாத குறை ஒன்று இருக்கிறது. எங்கள் வீதி C வகையாக இருந்திருந்தால் இந்த வழி அவ்வளவு இலகுவாகத் திறந்திராது. மாகாணத்துக்கு உரிய விடயம் என்று மத்திய அமைச்சர் ஒதுங்கிவிடலாம். அதைக் கேட்கவேண்டிய இடம் மாகாண சபை. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்டம்பரில் நடந்தது, 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடத்தாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் ஓடியது. கேள்வி கேட்க உறுப்பினரும் இல்லை, பதில் சொல்ல அமைச்சரும் இல்லை. மாகாணப் பாடசாலைகளும் கிராமத்து ஆஸ்பத்திரிகளும் உள்வீதிகளும் அங்கேதான் வருகின்றன. எங்கள் அன்றாட வாழ்க்கையில் பாதி, "இன்றேல், ஏன்?" என்று யாரும் கேட்க முடியாத இடத்தில் விடப்பட்டது. இதைப் பற்றி நாங்கள் போதிய அளவு சத்தம் போடவில்லை.

ஆகவே உங்கள் ஊரில் ஒரு பிரச்சினை இருந்தால், உறுப்பினரிடம் மனுவை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கேள்வியை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இடத்தின் பெயர், வீதி இலக்கம், திகதி எல்லாம் சரியாக இருக்கட்டும், ஏனென்றால் கேள்வியில் உள்ள தகவலுக்கு உறுப்பினர்தான் பொறுப்பு. விடை வந்ததா என்று மாதம் ஒரு தரம் போன் எடுத்துக் கேளுங்கள். கேள்வி கேட்டதைப் பத்திரிகையில் போட்டுவிட்டு வந்த விடையை வாசிக்காமலே விடும் உறுப்பினர்களும் இருக்கிறார்கள்.

மதகு முடிந்தாலும் வீதிக்கு இன்னும் காப்பெற் (தார்க் கலவை) போடப்படவில்லை. முதல் விடையில் புனரமைப்புக்கு ஒரு வருடம் குறிப்பிட்டிருந்தார்கள், அந்த வருடம் கடந்துவிட்டது. அந்த விடையின் திகதியையும் வரியையும் அப்படியே மேற்கோள் காட்டி இரண்டாவது கேள்வியைப் போன கிழமை அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். இந்த முறை அவர் அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும்தான் வெட்டினார்.