ஒரு வெற்றியும் இல்லாத வருஷம்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்பில் ஒரு கல்லூரியின் பழைய மாணவன். இந்த வருஷம் எங்கள் உதைபந்தாட்ட அணி ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. கடைசி ஆட்டம் 6–0. பழைய மாணவர்கள் பயிற்றுவிப்பாளரை மாற்றச் சொல்கிறார்கள். சிலர் உதைபந்தை விட்டுவிட்டுக் காசைக் கிரிக்கெட்டுக்குக் கொடுப்போம் என்கிறார்கள். கோல் காத்த பொடியனை முகநூலில் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்கள். நடுக்களத்தில் ஆடும் இருவர் பயிற்சியை விட்டு நாலரைக்கே ரியூசனுக்குப் போய்விடுவார்கள், அதையும் சொல்லவேண்டும். கோல் விழுந்த நிமிஷங்களை இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

கல்லடி வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிமிஷங்களையும் அனுப்பியதற்கு நன்றி. வெறும் 6–0 என்றால் என்னிடம் சொல்ல ஒன்றும் இருந்திராது. அந்த ஆறில் ஐந்து இடைவேளைக்குப் பிறகு. முந்திய ஆட்டங்களிலும் இதே கதைதான்: முதல் பாதியில் ஒரு கோல், அல்லது சமநிலை, பிறகு பொலபொலவென்று. ஆட்டம் தெரியாத அணி தொடக்கத்திலேயே அடி வாங்கும். உங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டம் தெரிகிறது, மூச்சுத்தான் காணாது.

மூச்சு எங்கே போனது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். நம் ஊரில் வெயில் தணிய மூன்றரை, நாலு ஆகும். நாலரைக்கு ரியூசன். மிச்சம் என்ன? அதோடு மாரி வந்தால் மைதானம் குளம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையிடம் ரியூசனை விடு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கிழமைக்கு இரண்டு நாள் வகுப்பை ஆறு மணிக்குத் தள்ளமுடியுமா என்று பழைய மாணவர் சங்கம் போய்க் கேட்கலாமே. வகுப்பு நடத்துகிறவர்களில் சிலராவது உங்கள் கல்லூரியில் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

பயிற்றுவிப்பாளரை மாற்றச் சொல்கிறவர்களுக்கு ஒரு கதை. அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தில் பிரேரி வியூ என்றொரு பல்கலைக்கழகம். அவர்கள் ஆடுவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க உதைபந்து, வேறு விளையாட்டு. ஆனாலும் கதை பொருந்தும். 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டம் தோற்றார்கள். காசில்லாமல் 1990இல் அணியையே நிறுத்தி, மறுவருஷம் திரும்பத் தொடங்கியபோது வீரர்களுக்குப் புலமைப்பரிசில் கிடையாது. இடையில் பயிற்றுவிப்பாளர்கள் மாறினார்கள், தோல்வி மாறவில்லை. 1998இல் ஒருவழியாக 14–12 என்று வென்றார்கள்.

நம் மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த, இங்கே பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய ஹரோல்ட் வெபர் அடிகளாரும் அமெரிக்கர்தான். ஒருவர் ஓரிடத்தில் பல தசாப்தங்கள் நிலைத்து நின்று பிள்ளைகளைப் பழக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மட்டக்களப்பின் கூடைப்பந்தாட்டமே சாட்சி. அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரே வருஷத்தில் ஆளை மாற்றச் சொல்கிறார்கள்!

கிரிக்கெட்காரருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. அணிக்கு இந்த வருஷம் எத்தனை பந்து வாங்கிக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

அந்தப் பொடியன் விஷயம்தான் அவசரம். பின்வரிசை களைத்துப்போய் நடந்து வந்தால், கோல் காப்பாளன் தனியே நிற்கவேண்டியதுதான். ஐந்து கோலும் அவன் கணக்கில் எழுதப்படும். முகநூலில் எழுதியவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களென்றால் இன்றைக்கே அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷமும் ஆட வயது இருக்கிறதா அவனுக்கு? இருந்தால் அவனுடைய வீட்டுக்கு ஒருதரம் போய் வாருங்கள், பயிற்றுவிப்பாளரையும் கூட்டிக்கொண்டு.