சாக்ரமென்டோவின் மஞ்சள் அட்டை செல்லுமா?

சுகாதார ஆய்வில் உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் உணவகத்துக்கு 'ஏ' எழுத்து, சாக்ரமென்டோ கிளைக்கு மஞ்சள் அட்டை. ஒரே மாநிலத்தில் இது எப்படிச் செல்லும் என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லும். கலிஃபோர்னியா சில்லறை உணவுச் சட்டத்தின் 113709ஆம் பிரிவைப் படியுங்கள். சுகாதார விதிகளை வகுப்பது மாநிலம். தரம் பிரிக்கும் முறை போன்ற சிலவற்றை மட்டும் உள்ளாட்சி தானே வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸில் 90 புள்ளி எடுத்தால் 'ஏ', சாக்ரமென்டோவில் பச்சை (தேர்ச்சி), மஞ்சள் (நிபந்தனையோடு தேர்ச்சி), சிவப்பு (மூடல்). நிறத்தோடு மல்லுக்கட்டுவது வீண்.

ஆய்வறிக்கையை எடுத்துப் பாருங்கள். சூடாக வைத்திருக்கும் உணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையக் கூடாது, குளிர்ந்தது 41ஐத் தாண்டக் கூடாது என்பது மாநில அளவு. அதைவிடக் கடுமையான அளவை கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) தன் இஷ்டத்துக்கு வைத்துக் குறை எழுதியிருந்தால் உங்களுக்கு வாதம் உண்டு. அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன். குறைகளைச் சரிசெய்துவிட்டு மறுஆய்வுக்குத் தயாராகுங்கள்.