மாற்றிய முழங்காலில் வீக்கம், கல்ச்சரில் ஒண்டும் வரல்ல: மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

வணக்கம் தம்பி. அப்பாக்கு முழங்கால் மாத்தி 2 வருஷத்தில வீக்கம், மூட்டில இருந்து நீர் எடுத்து 2 தரம் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை) செய்தும் கிருமி வளரல்ல, மரபணுப் பரிசோதனை செய்யலாமா எண்டு எழுதியிருந்தீங்க. வாசிக்கவே மனசுக்குக் கஷ்டமாப் போயிற்று.

நீர் எடுக்கக்குள்ள அவர் அன்டிபயோடிக் குடிச்சவரா? குடிச்சிருந்தா கிருமி இருந்தும் வளராமப் போகலாம். வழமையா 2 கிழமையாவது நிப்பாட்டித்தான் எடுப்பாங்க. ஆனா நீங்களா நிப்பாட்ட வேணாம், டொக்டர்தான் சொல்லோணும். சில கிருமி வளர 14 நாள் வரைக்கும் செல்லும். எத்தினை நாள் வச்சுப் பார்த்தாங்க எண்டும் கேளுங்க.

மரபணு வரிசை வாசிக்கிற பரிசோதனைக்குக் கிருமி வளரத் தேவல்ல, நீரில இருக்கிற கிருமிட டிஎன்ஏ போதும். அதுதான் அதிட பலம். ஆனா செத்த கிருமியும், தோலில இருந்து கலந்ததும் அதில தெரியும். எந்த மருந்து கேட்கும் எண்டதையும் கல்ச்சர் மாதிரி நம்பிக்கையாச் சொல்லாது. அதால கல்ச்சரோட சேர்த்துத்தான் செய்யோணும். நீரில வெள்ளணு (கிருமியோட சண்டை பிடிக்கிற அணு) எண்ணிக்கை பார்த்தாங்களா? அது செலவு குறைவு, முதல்ல அதைக் கேளுங்க.

இன்னொண்டு. அப்பா படுவான்கரையில வயல் செய்யிறவர் எண்டீங்க. மண்ணிலயும் தண்ணியிலயும் இருந்து தொத்துற மெலியோய்டோசிஸ் எண்ட கிருமி நோய் நம்மட மட்டக்களப்பிலயும் கண்டிருக்கு, மூட்டையும் பிடிக்கும். சீனி வருத்தம் இருந்தா ஆபத்து கூட. இந்தக் கிருமியை லேப்பில வேற கிருமி எண்டு தவறா எடுக்கிறதும் உண்டு. அதால அவர் வயல்காரர் எண்டு கிளினிக்கில கட்டாயம் சொல்லுங்க. காய்ச்சல், நடுக்கம் வந்தா கிளினிக் நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காம உடனே கொண்டு போங்க.