முதுகைத் தொடும் முன்: கைரோபிராக்டர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மூன்று மாதமாக இடுப்பு வலி. நல்ல கைரோபிராக்டரை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: கைரோபிராக்டர் என்பவர் முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை தருபவர். உங்கள் முதுகைத் தொடும் முன் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வலி இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முன்பு புற்றுநோய் வந்ததுண்டா, எலும்பு மெலிவு உண்டா என்று கேட்க வேண்டும். பிறகு முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டுவார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை மடக்காமல் உயர்த்துவார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் கீழே அழுத்திப் பார்ப்பார். நரம்பு நசுங்கியிருந்தால் பெரும்பாலும் இங்கேயே தடயம் கிடைக்கும். இவை எதுவும் இல்லாமல், போனதும் குப்புறப் படுக்கச் சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: 'படக்' என்று சத்தம் வந்தால்தான் விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் என்கிறாரே எங்கள் ஊர் கைரோபிராக்டர்?

பதில்: விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்கிற சத்தம்தான் அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது. எலும்பு நகர்ந்ததற்கு அது சாட்சி ஆகாது.

கேள்வி: வலி தொடங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. 40 முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி தருகிறார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். நாற்பதாவது முறை எழுந்து உட்காரும்போது பெயர் வாங்குவது அவர். வேலை செய்தது உங்கள் உடம்பு. நாணயமானவர் நாலைந்து முறை பார்ப்பார், பலன் இல்லையென்றால் வேறு வழி சொல்வார். வீட்டில் செய்ய உடற்பயிற்சியும் கற்றுத் தருவார்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கழுத்து வலிக்கு அழைத்துப் போகலாமா?

பதில்: கழுத்தைச் சட்டென்று திருப்பும் சிகிச்சை அவருக்கு வேண்டாம். அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. மாத்திரையின் பெயரைக் கேட்டதுமே நல்ல கைரோபிராக்டர் பின்வாங்குவார்.

கேள்வி: குழந்தையின் ஆஸ்துமாவும் சரியாகுமாமே?

பதில்: அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. 1895-இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோதே, முதுகெலும்பைத் தட்டிக் காது கேட்கவைத்ததாகச் சொன்னவர். அந்தப் பழக்கம் சிலரை இன்னும் விடவில்லை. இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சுவரில் நிறையச் சான்றிதழ்கள் மாட்டியிருக்கிறார். போதுமா?

பதில்: எத்தனை வருடம் படித்தார் என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2005 வழிகாட்டுதல் முழுப் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் கேட்கிறது. வாரக்கடைசி வகுப்பில் அது முடியாது.

கேள்வி: இரண்டு நாளாகத் தொடையிடுக்கு மரத்திருக்கிறது, சிறுநீர் கழிப்பதே தெரியவில்லை. நாளை காலை கைரோபிராக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.

பதில்: அதை ரத்து செய்யுங்கள். தண்டுவடத்தின் அடி நரம்புகள் நசுங்கினால் இப்படித்தான் ஆகும். இதைப் படித்து முடித்ததும் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். காலைவரை காத்திருக்க வேண்டாம்.