மவுத் ஆர்கன் விழாவுக்குப் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு மவுத் ஆர்கன் கற்கத் தொடங்கியிருக்கிறேன். பிரிட்டனில் வார இறுதியில் நடைபெறும் ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) விழா ஒன்றின் அறிவிப்பில், எல்லா நிலையினரும் கலந்துகொள்ளலாம் என்று போட்டிருக்கிறார்கள். எளிய மெட்டுகள் நான்கைந்து மட்டுமே தெரிந்த என்னைப் போன்றவர்கள் அங்கே போய் என்ன செய்வது? (வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து)

பதில்: தயங்காமல் போய் வாருங்கள். நம் ஊர்க் கச்சேரிப் பழக்கத்தில் விழா என்றதும், மேடையில் வித்துவானும் கீழே ரசிகர்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஹார்மோனிகா விழாவில் மேடைக் கச்சேரி ஒரு பகுதி மட்டுமே. பகல் முழுவதும் வகுப்புகளுக்குத்தான். பிரிட்டனில் 1935இல் தொடங்கப்பட்டு, இன்று ஹார்மோனிகா யுகே என்ற பெயரில் இயங்கும் அமைப்பு இத்தகைய விழாக்களை நீண்ட காலமாக நடத்திவருகிறது. அதன் ஆண்டு விழா பல ஆண்டுகள் பிரிஸ்டல் நகரில் நடந்தது. இவ்வகை விழாக்களில் ஒரே நேரத்தில் ஓர் அறையில் தொடக்க நிலை வகுப்பும், இன்னோர் அறையில் புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைக்கான வகுப்பும், மற்றோர் அறையில் பொத்தான் வைத்த குரோமேடிக் ஹார்மோனிகா வகுப்பும் நடக்கும். மாலையில், அந்த வகுப்புகளை எடுத்தவர்களே மேடையேறி வாசிப்பார்கள். காலையில் உங்கள் உதடு வைக்கும் முறையைத் திருத்திய ஒருவர், மாலையில் அதே உதட்டு நிலையில் என்னவெல்லாம் செய்கிறார் என்பதை நேரில் பார்ப்பதால் கிடைக்கும் தெளிவை எந்தக் காணொளியும் தராது.

உங்களுக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். நான்கைந்து மெட்டு தெரிந்திருந்தாலும் தொடக்க நிலை வகுப்பில் உட்காருங்கள். அக்கம்பக்கத்துத் துளைகளில் காற்று கசியாமல் ஒற்றைச் சுரத்தை மட்டும் தெளிவாக எழுப்புவதுதான் அங்கே முதல் பாடம். பல ஆண்டுகள் வாசித்தவர்களிடமும் இந்தக் கசிவு இருப்பதுண்டு. அடுத்து, ஒரே நாளில் எல்லா வகுப்புகளுக்கும் ஓடாதீர்கள்; வாசித்துப் பழகாத உதடும் கன்னமும் பிற்பகலுக்குள் சோர்ந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று வகுப்புகள் போதும். கடைசியாக, ஜாம் என்று அவர்கள் சொல்லும் கூட்டு வாசிப்பு நடக்கும் அறைக்குக் கட்டாயம் போங்கள். அங்கே வட்டமாக அமர்ந்து, ஒருவர் முன்னெடுத்து வாசிக்க மற்றவர்கள் தாளத்துக்கு மெல்ல ஒத்து ஊதுவார்கள். எந்தச் சுருதி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சுருதிக்குரிய கருவி உங்களிடம் இல்லையென்றால், அந்தப் பாட்டுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதே மரியாதை. உங்கள் முறை வரும்போது வேண்டாம் என்று தலையசைத்தால், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது மேலும் கீழுமாக இரண்டு வரிசைத் துளைகள் கொண்ட நீளமான மவுத் ஆர்கன். வகுப்புக்குப் பத்துத் துளைக் கருவி கொண்டுவரச் சொல்கிறார்கள். என்ன வேறுபாடு? (வாசகர், மதுரை)

பதில்: உங்களிடம் இருப்பது ட்ரெமோலோ வகை. அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடுகள், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் சிறு உலோக நாக்குகள் உண்டு. இரண்டையும் மிகச் சிறிய வேறுபாட்டோடு சுருதி சேர்த்திருப்பதால் ஒலி அலைவதுபோல் கேட்கும். மெட்டு வாசிக்க இனிமையான கருவி, குறையொன்றுமில்லை. ஆனால் இரண்டு ரீடுகள் சேர்ந்தே ஒலிப்பதால், ஒரு சுரத்தை மூச்சால் வளைத்து இறக்குவது அதில் சரிவராது. புளூஸ் வகுப்புகள் அனைத்தும் அந்த வளைவை நம்பியே நடப்பதால்தான் பத்துத் துளைக் கருவியைக் கேட்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் சி சுருதியில், அதாவது நம் கணக்கில் ஒரு கட்டையில் வாங்குங்கள். தொடக்க வகுப்புகள் பெரும்பாலும் அதை வைத்தே நடக்கின்றன. பக்கத்தில் பொத்தான் வைத்த குரோமேடிக் கருவியை இப்போதே வாங்க வேண்டாம். பிரிட்டனின் இசையமைப்பாளர் ரால்ப் வாகன் வில்லியம்ஸ், ஹார்மோனிகா கலைஞர் லாரி ஆட்லருக்காக இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் இசைப்படைப்பை 1951இல் எழுதியது அந்தக் கருவிக்குத்தான். விலையும் பராமரிப்பும் அதற்கேற்றபடி கூடுதல்.

கேள்வி: நான் கர்நாடக இசை பயின்றவள். பத்துத் துளை மவுத் ஆர்கனில் கீழ் ஸ்தாயியில் சில சுரங்களே இல்லையே, இது கருவியின் குறையா? நம் ராகங்களை இதில் வாசிக்க முடியுமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: மிக நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். சி கருவியில் நான்காம் துளையை ஊதினால் ஸட்ஜம், இழுத்தால் சதுஸ்ருதி ரிஷபம். ஐந்தை ஊதினால் அந்தர காந்தாரம், இழுத்தால் சுத்த மத்திமம். ஆறை ஊதினால் பஞ்சமம், இழுத்தால் சதுஸ்ருதி தைவதம். ஏழாம் துளையில் மட்டும் வரிசை மாறுகிறது: முதலில் இழுத்துக் காகலி நிஷாதம், பிறகு ஊதி மேல் ஸட்ஜம். இது சங்கராபரணத்தின் முழு ஆரோகணம். கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடமும் அந்த ஏழாம் துளைதான். அதுவரை ஊதி இழுத்துப் பழகிய மூச்சு, அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை இழுக்க வேண்டியிருக்கிறது.

முதல் மூன்று துளைகளில் நீங்கள் சொன்னதுபோல் மத்திமமும் தைவதமும் இல்லை. மெட்டுக்கு அடியில் ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் சேர்ந்த பக்கவாத்திய ஒலி கிடைப்பதற்காக அவற்றை விட்டு அமைத்தார்கள். ஆகவே குறை என்று சொல்வதைவிட, வேறொரு தேவைக்காகச் செய்த ஏற்பாடு என்பதே பொருத்தம். விடுபட்ட அந்தச் சுரங்களை மூச்சால் வருவித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒவ்வொரு துளையிலும் ஊதும்போது ஒலிக்க ஒரு ரீடும் இழுக்கும்போது ஒலிக்க ஒரு ரீடும் உண்டு. மூன்றாம் துளையை இழுத்துக்கொண்டே நாக்கின் பின்பகுதியைத் தாழ்த்தி வாயின் உள்ளிடத்தைப் பெரிதாக்கினால், காகலி நிஷாதம் மெல்ல இறங்கிக் கைசிகி நிஷாதத்தையும், பின் சதுஸ்ருதி தைவதத்தையும், கடைசியாகச் சுத்த தைவதத்தையும் தொடும். அதற்குக் கீழே அதே துளையின் ஊதும் சுரமான பஞ்சமம் இருப்பதால், வளைவு அங்கே நின்றுவிடும். இரண்டாம் துளையை இதே முறையில் இழுத்தால் பஞ்சமத்திலிருந்து இரண்டு மத்திமங்களும் கிடைக்கும். வளைக்கும்போது உறிஞ்சும் பலத்தைக் கூட்டுவதே புதியவர்கள் செய்வது. பலத்தைக் கூட்டினால் ரீடு திணறி அடங்கிவிடும். மூச்சை மாற்றாமல் நாக்கின் இடத்தை மட்டும் மாற்றப் பழக வேண்டும். இதைத் திருத்த ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்பது அவசியம் என்பதால், விழாவில் சுர வளைவு வகுப்பு இருந்தால் அதை விடாதீர்கள்.

அதே சி கருவியை இரண்டாம் துளை இழுப்பிலிருந்து, அதாவது ஐந்து கட்டையை ஸட்ஜமாகக் கொண்டு வாசித்தால் ஹரிகாம்போஜியின் சுரங்கள் அமையும். அதன் ரிஷபத்தை மட்டும் மூன்றாம் துளையை வளைத்துப் பெற வேண்டும். சிகாகோவின் லிட்டில் வால்ட்டர் முதலான புளூஸ் கலைஞர்கள் பெரிதும் வாசித்தது இந்த நிலையில்தான். அதை அவர்கள் இரண்டாம் நிலை என்கிறார்கள். நான்காம் துளை இழுப்பை ஸட்ஜமாக வைத்தால், எதையும் வளைக்காமலேயே எட்டாம் துளை இழுப்பு வரை கரகரப்பிரியா முழுதாக வருகிறது. இதற்கு மூன்றாம் நிலை என்று பெயர். ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் பெறும் கிரக பேதம் அறிந்த உங்களுக்கு இது புதிதாக இராது. அந்த வகுப்புகளில் மேலை மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாதி விஷயங்கள் உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கின்றன.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து இசைப்பது குறித்து மட்டும் ஒரு வரம்பைச் சொல்ல வேண்டும். கருவியில் மூச்சு வளைவு சுரத்தை மேலிருந்து கீழே இறக்கும். கீழிருந்து மேலே ஏற்றாது. எனவே முதலிலேயே வளைத்துப் பிடித்து, பின் தளர்த்தி மேலேறும் உத்தியைப் பழக வேண்டும். தோடியின் காந்தாரத்துக்கு அது போதாது என்பது என் கருத்து. ஆனால் மோகனத்திலோ ஹம்சத்வனியிலோ அமைந்த எளிய பாடல்களைத் தாராளமாக வாசிக்கலாம்.

கேள்வி: விழாக் கடைகளில் கருவிகளை வாசித்துப் பார்த்து வாங்கலாமா? சுகாதாரம் பற்றிக் கவலையாக இருக்கிறது. (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வாய் வைத்துப் பார்க்க அனுமதிக்க மாட்டார்கள். சிறு துருத்தி ஒன்றில் கருவியைப் பொருத்தி, காற்றை அழுத்தியும் இழுத்தும் ஒவ்வொரு துளையும் ஒலிக்கிறதா என்று காட்டுவார்கள். நட்புக்காகக்கூட கருவியை மாற்றி வாசிக்காதீர்கள். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு வாசியுங்கள். முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டி ஈரத்தை வெளியேற்றுங்கள். நடுப்பகுதி மரத்தால் ஆனதாக இருந்தால் தண்ணீரில் கழுவ வேண்டாம், மரம் உப்பிவிடும்.

கேள்வி: என் மகன் பள்ளி ஹார்மோனிகா குழுவில் வாசிக்கிறான். ஜெர்மனியில் உலக அளவிலான விழாவும் போட்டியும் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். அதற்குத் தயார்ப்படுத்தலாமா? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: நீங்கள் குறிப்பிடுவது டிரோசிங்கன் நகரில் நடக்கும் உலக ஹார்மோனிகா விழா. கடிகாரத் தொழிலாளியான மத்தியாஸ் ஹோனர் 1857இல் ஹார்மோனிகா செய்யத் தொடங்கிய ஊர் அது. ஹார்மோனிகாவுக்கும் அக்கார்டியனுக்கும் உரிய ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. 1989 முதல் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அங்கு விழா நடத்துகிறார்கள். மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், தைவான் ஆகிய இடங்களின் குழுக்கள் அதில் பெரும் எண்ணிக்கையில் பங்கேற்பதால், உங்கள் மகனுக்கு அந்தச் சூழல் அந்நியமாக இராது. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும், ஏறக்குறைய இரண்டடி நீளமுள்ள கார்டு ஹார்மோனிகாவும், கனத்த ஒலி தரும் பேஸ் ஹார்மோனிகாவும் மெட்டு வாசிப்பவருக்குத் துணை நிற்கும் முழுக் குழு வாசிப்பை அவன் அங்கே கேட்க முடியும்.

ஆனாலும் போட்டியை முதல் இலக்காக வைக்காதீர்கள் என்றே சொல்வேன். போட்டிக்கென்று ஒரே பாடலை மாதக்கணக்கில் உருப்போடும் பிள்ளைகள், கூட்டு வாசிப்பில் யாராவது சுருதி சொன்னதும் என்ன வாசிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். முதலில் அருகில் நடக்கும் சிறிய வார இறுதி விழா ஒன்றுக்கு அழைத்துப் போங்கள். அங்கே பெரியவர்களோடு உட்கார்ந்து வாசிக்கட்டும். போட்டி வேண்டும் என்று அவனே பிறகு கேட்டால், தனி வாசிப்பைவிடக் குழுப் பிரிவில் சேர்ப்பது நல்லது. வயதுக்கும் கருவி வகைக்கும் ஏற்பப் பிரிவுகள் தனித்தனியாக இருப்பதால், பாடலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அந்த ஆண்டுக்கான விதிகளைக் குழு ஆசிரியரோடு சேர்ந்து படித்துவிடுங்கள்.