லிஃப்ட்டில் யார் ஏறலாம்?

கேள்வி: திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் 11 வருடம் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம்தான் என் மகன் பாதி நேரம் வளர்ந்தான். இஸ்திரி வண்டி சேகர் அண்ணன்தான் அவனுக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கினார். மூன்று வருடத்துக்கு முன் லோன் போட்டு, ஓ.எம்.ஆர். பக்கம் 14 மாடி அபார்ட்மென்ட்டில் வீடு வாங்கி வந்துவிட்டோம். அவனுக்கு இப்போது 13 வயது. போன மாதம், எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மா தன் மகளோடு லிஃப்ட்டில் ஏறியபோது, "உங்களுக்குத்தான் சர்வீஸ் லிஃப்ட் இருக்குல்ல" என்று சொல்லியிருக்கிறான். கேட்டால், "அவங்க கண்ணகி நகர்மா, உனக்குத் தெரியாது" என்கிறான். நன்றாகத் திட்டினேன். ஆனால் அன்று சாயங்காலம் பீரோவைப் பூட்டிவிட்டுத்தான் நானே குளிக்கப் போனேன். அந்தச் சந்தில் வாசல் கதவையே பூட்டாதவள் நான். வளர்ப்பு சரியில்லையா, இடம் சரியில்லையா? பழைய ஏரியாவுக்கே திரும்பிப் போய்விடலாமா?
- பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்.

பதில்: பீரோ விஷயத்தை நீங்கள் மறைத்திருக்கலாம். மறைக்காமல் எழுதியதால்தான், வந்த கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுத்தேன் சகோதரி.

இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் ராயப்பேட்டையில் ஏழு குடித்தனத்துக்கு ஒரே அடிபம்பு இருந்த காம்பவுண்டில் வளர்ந்தவன்தான். விடியற்காலை நாலு மணிக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும். அங்கே யாரும் யாரையும் பிடித்துப்போய்ப் பழகவில்லை. தண்ணீர் வேண்டும், அதனால் பழகினோம். வரிசையில் குடத்தை நகர்த்தி வைத்தார் என்று என் அம்மா மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாத ஒரு வீடு உண்டு. அம்மா ஜுரத்தில் விழுந்த ராத்திரி நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டியதும் அந்த வீட்டைத்தான். இப்போது நீங்கள் இருக்கிற இடத்தில் தண்ணீர் தானாக மேலே ஏறுகிறது, பால் போனில் சொன்னால் வருகிறது, மெயின்டனன்ஸ் கட்டினால் மற்றதெல்லாம் நடக்கிறது. யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை. அது ஒரு சௌகரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிற்க வேண்டியதில்லை என்றால் பேச்சும் இல்லை.

அதற்காகப் பழைய சந்தைக் கோயிலாக்க வேண்டாம். அங்கே வீடு தேடியபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று எத்தனை ஓனர்கள் கேட்டார்கள், நினைத்துப் பாருங்கள். கூவம் கரைக் குடிசையில் இருந்த ஒரு குடும்பம் முழு வாடகையை முன்பணத்தோடு நீட்டியிருந்தாலும் அந்தச் சந்தில் வீடு கிடைத்திருக்குமா? கண்ணகி நகர் என்று உங்கள் மகன் சொல்கிறானே, அது அந்த மாதிரிக் குடும்பங்களின் ஊர். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகருக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் 2000-லிருந்து ஆட்களை அங்கே கொண்டுபோய் வைத்தது அரசு. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பிழைப்பும் பள்ளிக்கூடமும் நகருக்குள் இருக்க, வீடு மட்டும் வெளியே போயிற்று. பிறகு அந்தப் பெயரே முத்திரையாகிவிட்டது. வேலைக்கு மனுப் போடும்போது கண்ணகி நகர் என்று எழுதாமல் துரைப்பாக்கம் என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு.

இப்போது உங்கள் மகன். அவன் அந்த மக்களைப் பார்க்காமல் வளரவில்லை. திருவல்லிக்கேணியில் பார்த்ததைவிட அதிகமாகவே இங்கே பார்க்கிறான். குப்பை எடுக்க, பாத்திரம் தேய்க்க, கேட்டில் நிற்க என்று தினமும் வருகிறார்கள். சிக்கலே அதில்தான். அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைப் பிரித்துச் சொன்னார்: சும்மா எதிர்ப்படுவதால் வெறுப்பு குறையாது. சமமான நிலையில், ஒரே காரியத்துக்காகக் கைகோத்து, அந்த இடத்தின் சட்டதிட்டமும் ஆதரவாக இருந்து பழகினால்தான் குறையும். சேகர் அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடியபோது உங்கள் பையன் மாணவன், அவர் வாத்தியார். இங்கே அப்படி யார் இருக்கிறார்கள்? சர்வீஸ் லிஃப்ட் என்கிற ஏற்பாட்டை அவன் கண்டுபிடிக்கவில்லை. பெரியவர்கள் கூட்டம் போட்டு முடிவு செய்ததை வாய்விட்டுச் சொன்னான், அவ்வளவுதான்.

டில்லியில் 2007 வாக்கில், சலுகை விலையில் அரசு நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு 20 சதவீத இடம் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் அந்த வகுப்புகளை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார். அதில் ஒரு சோதனை: வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஜெயித்தால் பணம் உண்டு, ஆனால் ஓட்டம் முடிந்ததும் அந்தக் கூட்டாளியோடு விளையாடவும் வேண்டும். வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை விட்டுவிட்டு மெதுவாக ஓடும் வசதியான பிள்ளையை எடுத்தவர்கள் உண்டு. ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தவர்களிடம் இந்தத் தள்ளிவைப்பு கணிசமாகக் குறைவு. சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழு பிரித்திருந்தார்கள். அப்படித் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களிடம் மாற்றம் நன்றாகவே தெரிந்தது.

ஆகவே வீடு மாறாதீர்கள். இ.எம்.ஐ. கட்டிக்கொண்டு அங்கே வாடகையும் கொடுக்க முடியாது, தவிர நீங்கள் விட்டுவந்த சந்து இப்போது அப்படியே இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. பையனை அனுப்ப வேண்டியது விளையாட்டு மைதானத்துக்கு. காம்பவுண்டுக்குள் இருக்கிற டென்னிஸ் கோர்ட்டைச் சொல்லவில்லை. வெளியே, அவன் தோற்கக்கூடிய இடமாகப் பாருங்கள். 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார் என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். "உனக்குத் தெரியாது" என்றானே, அவனுக்கும் தெரிந்திருக்காது. பிறந்தநாளுக்கு ஆதரவற்றோர் இல்லத்தில் சாப்பாடு போடக் கூட்டிப்போகிற வேலை மட்டும் வேண்டாம். அங்கேயும் அவன் கொடுக்கிறவன், எதிரில் இருப்பவர் வாங்குகிறவர். லிஃப்ட்டில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அசோசியேஷனில் சர்வீஸ் லிஃப்ட் பேச்சை எடுங்கள். எடுத்த எடுப்பில் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், கட்டைவிரல்களும் கைகூப்பல்களுமாக அமுங்கிப்போகும். முதலில் இரண்டு வீட்டுக்காரர்களிடம் நேரில் பேசி ஆள் சேருங்கள். சுகாதாரம் என்பார்கள். பாத்திரம் தேய்க்கும் கை சுகாதாரமானது, லிஃப்ட் பொத்தானை அமுக்கினால் மட்டும் ஆகாதா என்று கேளுங்கள். ஒரே கூட்டத்தில் ஜெயிக்க மாட்டீர்கள்.

மகனை இனித் திட்ட வேண்டாம். பீரோவைப் பூட்டினீர்களே, அதை அவனிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் திட்டைவிட அது அவனுக்குள் இறங்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நூர்ஜஹான் அக்கா இருக்கிறார், சேகர் அண்ணன் இருக்கிறார். மூன்று வருடமாக உங்கள் சமையலறையில் நிற்கிறவர் மட்டும் "வேலைக்கு வருகிற அம்மா". பெயர் வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டது உங்களுக்குத்தானே?