நல்லா ஓடுற பெட்ரோல் காரை வித்துட்டு எலக்ட்ரிக் கார் வாங்குறதுக்கு காசு மிச்சம் தவிர வேற காரணம் இருக்கா, இல்ல சும்மா பந்தாவா?

கேள்வியோட கடைசி வார்த்தைதாங்க என்னை எழுத வெச்சுது. பந்தா. இதே வார்த்தையை எங்க சொந்தக்காரங்க ஒருத்தர் ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்துட்டு எனக்குக் கேக்குற மாதிரியே சொன்னாங்க, "வைண்டிங் கடை வெச்சிருந்தவரு வீட்டுக்கு இப்ப கரண்ட் கார் பந்தா வேற"ன்னு. வைண்டிங்னா எரிஞ்ச மோட்டாருக்கு உள்ள புதுசா கம்பி சுத்துற வேலை, எங்க அப்பா பண்ணுனது அதுதான். அன்னைக்கு எதுவும் பேசாம எந்திரிச்சு வந்துட்டேன். இங்க பேசிடறேன்.

நீங்க கேட்டிருக்குற விதத்தைப் பாத்தா உங்க வீட்டுலயும் இதே பேச்சு ஓடிட்டிருக்குன்னு நினைக்கிறேன், ஒருத்தர் வேணும்ங்கறீங்க இன்னொருத்தர் எதுக்குங்கறீங்க. ரெண்டு பேரும் உக்காந்து படிங்க.

முதல்ல காசுக் கணக்கை முடிச்சுடறேன், ஏன்னா அதைச் சொல்லாம விட்டா கீழ கமெண்ட்ல வந்து கேப்பாங்க. நான் கோயமுத்தூர் கணபதியில இருக்கேன், அரசூர் பக்கம் ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். என் வண்டி டாடா டியாகோ இவி (இவின்னா எலக்ட்ரிக் வண்டி), 24 யூனிட் கரண்ட் பிடிக்குற பேட்டரி, 2023 ஜூன்ல எடுத்தது, இப்ப 29,000 கிலோமீட்டர் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷம் பெட்ரோல் வண்டி. அப்ப மாசம் 7,000 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன், இப்ப கரண்ட் பில்லுல கூடுறது மாசத்துக்கு சுமார் 1,400. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கணக்கு எடுக்குறப்ப 500 யூனிட் தாண்டினா ஸ்லாப் மாறி ரேட் கூடிடும், அதையும் சேத்துதான் சொல்றேன். நம்ம ஸ்டேட்ல ரோடு டாக்ஸ் விலக்கு இருந்துச்சு, ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், அப்படியும் அதே பெட்ரோல் மாடலை விட லட்சக்கணக்குல அதிகம் குடுத்துதான் வாங்குனேன். மாசம் ஆயிரம் கிலோமீட்டர் கூட ஓட்டாதவங்க காசுக்காக இதை வாங்காதீங்கன்னு நானே சொல்லுவேன். போதும்ங்களா கணக்கு.

இப்ப நிஜமான காரணம். எங்க அப்பா.

ஆவாரம்பாளையம் ரோட்டுல எட்டுக்குப் பத்து கடை, அதுல 31 வருஷம் மோட்டார் வைண்டிங் பண்ணுனாரு. அன்னூர், சூலூர், பல்லடம் பக்கத்துல இருந்து விவசாயிங்க எரிஞ்சுபோன மோட்டாரை டிவிஎஸ் ஃபிஃப்டியில கயிறு போட்டுக் கட்டிட்டு வருவாங்க, பயிரு காயுதுங்க நாளைக்கே வேணும்னு கடை வாசல்லயே உக்காந்துக்குவாங்க. எரிஞ்ச மோட்டாரைப் பிரிச்சா ஒரு நாத்தம் வரும் பாருங்க, வார்னிஷும் காப்பரும் சேந்து தீஞ்ச நாத்தம், அது எங்க அப்பா சட்டையில இருந்து ஞாயித்துக்கிழமை கூடப் போகாது. பழைய காயிலை அறுத்து உருவி, எத்தனை சுத்து, எவ்வளவு கனமான கம்பின்னு நோட்டுல எழுதி வெச்சுட்டு, காயில் உக்கார்ற ஒவ்வொரு பள்ளத்துலயும் கரண்ட் கசியாம இருக்க லெதராய்டு பேப்பர் மடிச்சு வெச்சு, புதுக் காயிலை மூங்கில் பத்தையால தள்ளித் தள்ளி இறக்குவாரு. நான் ஸ்கூல் விட்டு வந்தா எனக்கு வேலை சுத்து எண்ணுறது. அவரு கைப்பிடியைச் சுத்த சுத்த நான் சத்தமா எண்ணணும், நடுவுல யாராவது வந்து பேசி எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னா மொத்தத்தையும் அவுத்துட்டு ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பாரு. "தோராயமா இருக்கும்னு விட்டா அந்த மனுசன் தோட்டத்துல போய் எரியும் அம்மிணி"ன்னு சொல்லுவாரு. நான் இன்னைக்கு அக்கவுண்ட்ஸ்ல ஒத்த ரூபா உதைச்சாலும் விடாம தேடுறேன்னா அது அந்தக் கடையில வந்த பழக்கம்.

வேலை முடிஞ்ச மோட்டாரை ஓட விட்டு ஸ்க்ரூ டிரைவர் முனையை பேரிங் மேல வெச்சு பிடியைக் காதுல வெச்சுக் கேப்பாரு. அப்படிக் கேட்டே எந்தப் பக்கம் பேரிங் போச்சுன்னு சொல்லிடுவாரு. இந்தியாவோட முதல் மோட்டாரே 1937ல நம்ம பீளமேட்டுலதான் செஞ்சாங்க, ஜி.டி.நாயுடு கம்பெனியிலன்னு கடைக்கு வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லுவாரு, தானே கூட நின்னு செஞ்ச மாதிரி.

அப்புறம் அந்த பவர் கட் காலம் வந்துச்சு. 2011, 2012 ஞாபகம் இருக்கா? 2012ல ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போயிடும். வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் எரியும், எங்களுக்கு வேலை வரும், ஆனா கரண்டே இல்லன்னா மோட்டாரும் ஓடாது, எரிஞ்சதைச் சரி பண்ணி ஓட்டிப் பாக்கவும் முடியாது. பக்கத்துல இருந்த லேத் பட்டறைங்க ஒண்ணொண்ணா ஷட்டரை இறக்குச்சு. அப்பாவும் 2012 தீபாவளி முடிஞ்சு கடையைக் காலி பண்ணிட்டாரு. அதுக்கப்புறம் அவரு தொழிலைப் பத்தி வீட்டுல பேசுனதே இல்லைங்க. அண்ணன் பெரிய டீசல் வண்டி வாங்குனப்ப முன் சீட்டுல கையை மடியில வெச்சுட்டு வந்தாரு, ஒரு கேள்வி கேக்கல. அவருக்கு அதுல பேச ஒண்ணும் இல்ல.

2023ல என் பழைய வண்டிக்கு கிளட்ச் போச்சு, இன்ஜின்லயும் வேலை இருக்குன்னாங்க, சரி மாத்திடலாம்னு ஷோரூம் போனோம், அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன், சும்மா வீட்டுல தனியா இருக்க வேண்டாமேன்னுதான். பெட்ரோல்ல ஒண்ணைப் பாத்துட்டு இருந்தோம். அப்ப அங்க இருந்த பையன் பக்கத்துல நின்ன இவியோட பானட்டைத் தூக்கிக் காட்டுனான். அப்பா கிட்டப் போனாரு. "இதுல இன்ஜின் எங்க?"ன்னாரு. "இன்ஜின் இல்லைங்க ஐயா, மோட்டார்தான்"னு அந்தப் பையன் சொன்னான். "மோட்டாருன்னா... த்ரீ ஃபேஸா?" "ஆமாங்க ஐயா, பேட்டரி டிசி, நடுவுல இன்வெர்ட்டர் வெச்சு த்ரீ ஃபேஸ் ஆக்குறாங்க." "உள்ள வைண்டிங் இருக்கா?" "ஸ்டேட்டர்ல காப்பர் வைண்டிங் இருக்குங்க, ரோட்டர்ல காந்தம்." அப்பா என்னைத் திரும்பிப் பாத்தாரு. பத்து பதினோரு வருஷமா நான் பாக்காத முகம்ங்க அது. அங்கயே அந்தப் பையனை அரை மணி நேரம் நிறுத்தி வெச்சுக் கேள்வி கேட்டாரு, எத்தனை எச்பி, சூடானா எப்படி ஆத்துறாங்க, தண்ணியா காத்தா. அவனும் சலிச்சுக்காம பதில் சொன்னான், அவன் நல்லா இருக்கணும்.

அதே வாரம் இவி புக் பண்ணிட்டேன். இதைப் போய் ஆபீஸ்ல காரணம்னு எப்படிச் சொல்றது, அதனால பெட்ரோல் விலை நூறு தாண்டிருச்சுன்னு சொல்லி வெச்சேன். உண்மை இதுதான். எங்க அப்பா தொழில் செத்துப்போச்சுன்னு அவரு நினைச்சிட்டிருந்தாரு, அது சாகல, கார்ல ஓடிட்டிருக்குன்னு அவருக்குக் காட்டணும்னு தோணுச்சு.

எடுத்து மூணாவது மாசம் குன்னூர் போனோம், அப்பா, நான், என் பொண்ணு. நூறு சதவீதம் சார்ஜோட கிளம்பி மேட்டுப்பாளையம், பர்லியார் வழியா ஏறுனோம், ஏறும்போது சார்ஜ் இறங்குறதைப் பாத்து எனக்கு வயித்துல புளி கரைச்சுது, குன்னூர் போய்ச் சேந்தப்ப 43 காட்டுச்சு. வண்டியை நிறுத்துன உடனே அப்பா பானட்டைத் தொறக்கச் சொன்னாரு. ஆரஞ்சு கலர் ஹை வோல்டேஜ் வயர்கிட்ட மட்டும் கை கொண்டுபோகாதீங்கப்பான்னேன், எனக்குத் தெரியாதாங்கற மாதிரி பாத்துட்டு புறங்கையை ஓரமா ஒரு மூடி மேல வெச்சுப் பாத்தாரு. வெதுவெதுன்னுதான் இருந்துச்சு. பக்கத்துல நின்ன டெம்போ டிராவலர் முன்னாடி கையை நீட்டுனாரு, அனல் அடிச்சுது. "சூடு எல்லாம் நீ குடுத்த காசு அம்மிணி, சும்மா காத்துல போகுது பாரு"ன்னாரு. பெட்ரோல் இன்ஜின்ல போடுற பெட்ரோல்ல மூணுல ஒரு பங்கு கூட சக்கரத்துக்குப் போறது கஷ்டம், மிச்சம் சூடாப் போயிடுது, மோட்டார்ல பத்துல ஒம்பது பங்குக்கு கிட்ட வேலைக்கு வரும். நான் இதைப் பல இடத்துல படிச்சிருக்கேன், ஆனா அன்னைக்கு அந்த ரெண்டு பானட் முன்னாடி நின்னப்பதான் எனக்கு விளங்குச்சு.

திரும்பி இறங்கும்போதுதான் விசேஷம். ரீஜென்னு ஒண்ணு இருக்கு, வேகம் குறையுறப்ப கரண்டைத் திருப்பி பேட்டரிக்கே அனுப்புற வசதி, அதை அதிகமா வெச்சு, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே வண்டி தானா இழுத்துப் பிடிக்குது, பிரேக்கை எங்கயோ சில வளைவுலதான் தொட்டேன். முன்னாடி போன லாரிகளோட பிரேக் தீயுற நாத்தம் கண்ணாடி மூடியும் உள்ள வந்துச்சு. அப்பா ஸ்க்ரீனையே பாத்துட்டு வந்தாரு. 43, 44, 45ன்னு ஏறுது. என் பொண்ணு "தாத்தா எப்படி தாத்தா சார்ஜ் போடாமயே ஏறுது?"ன்னு கேட்டா. அதுக்கு அவரு மோட்டாரை வெளிய இருந்து சுத்துனா அது ஜெனரேட்டரா மாறிடும்ங்கறதை, சைக்கிள் டைனமோவுல ஆரம்பிச்சு, மேட்டுப்பாளையம் வர்ற வரைக்கும் சொல்லிட்டு வந்தாரு. நடு நடுவுல எத்தனை ஆச்சுன்னு அவ எண்ணிச் சொல்லணும். கீழ வந்தப்ப 50. நான் ஓட்டிட்டு இருந்ததால திரும்பிப் பாக்கல, ஆனா சத்தம் கேட்டுச்சு, எங்க கடையில நான் எண்ணுன மாதிரியே அவ எண்ணிட்டு வந்தா. எனக்கு இந்தக் காருக்குக் குடுத்த காசு அந்த முப்பத்தஞ்சு கிலோமீட்டர்ல வந்துருச்சு.

இப்ப கீழ வந்து "கரண்டே கரியில இருந்துதான் வருது, என்ன சுற்றுச்சூழல்"னு எழுதப் போறவங்களுக்கு, நான் சுற்றுச்சூழலுக்காக வாங்குனேன்னு எங்கயும் சொல்லலைங்க. கரிதான், மேட்டூரும் நெய்வேலியும் எனக்கும் தெரியும். கூடவே ஆடி மாசம் பல்லடத்துல இருந்து உடுமலை வரைக்கும் போய்ப் பாருங்க, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்திட்டிருக்கும், அந்த கரண்டும் இதே கம்பியிலதான் வருது. சார்ஜர் பிரச்சனையும் உண்மைதான், மறைக்க மாட்டேன். பழனி போனப்ப நடுவுல போட்டுக்கலாம்னு நம்பிப் போன சார்ஜர் வேலை செய்யல, ஆப்ல மட்டும் பச்சையா காட்டுது, போன் பண்ணுனா எடுக்க ஆள் இல்ல. ஏசியை அணைச்சுட்டு அறுபதுல உருட்டிட்டு இன்னொரு சார்ஜர் தேடிப் போனோம், அங்க ரெண்டு மணி நேரம் வீணாச்சு. வாரம் ஒருக்கா சென்னை போற ஆளுன்னா இந்த சின்ன பேட்டரி வேண்டாம்.

ஆனா சார்ஜரை விட, காரை விட, என்னைப் பாடாப் படுத்துனது எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன்தாங்க. என் பார்க்கிங், என் மீட்டர், என் செலவுல சார்ஜ் போட ஒரு 15 ஆம்ப் பாயிண்ட் இழுக்க நாலரை மாசம். தீப்பிடிச்சுக்கும்ங்கறாங்க, கீழ அறுபது வண்டி டேங்க் நிறைய பெட்ரோலோட நிக்குது, அதைப் பத்தி ஒருத்தரும் பேசல. கடிதம் குடுத்தா மீட்டிங் வைக்கணும்ங்கறாங்க, மீட்டிங் வெச்சா வந்த ஆள் பத்தாது, கோரம் இல்லங்கறாங்க. அந்த நாலரை மாசமும் நான் அண்ணன் வீட்டுல போய் சார்ஜ் போட்டேன். குன்னூருக்குக் கிளம்புனதும் அங்க இருந்துதான். இதே அசோசியேஷன்தான் மொட்டை மாடியில வடாம் காயப் போடக்கூடாதுன்னு பூட்டு போட்டுச்சு, எங்க அம்மா இருந்த வரைக்கும் அந்த சாவிக்காக வருஷா வருஷம் கெஞ்சுனாங்க, குடுக்கல. மெயிண்டெனன்ஸ் மட்டும் அஞ்சாம் தேதி தாண்டுனா அபராதம். லிஃப்ட் ரெண்டு வாரம் நின்னு எழுபது வயசுக்காரங்க மூணு மாடி ஏறுனப்ப யாருக்கு அபராதம் போட்டாங்க? கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா எழுத ஆரம்பிச்சா வந்துடுது.

கடைசியில பாயிண்ட் போட்டப்ப லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வெச்சுத்தான் போட்டோம், அப்பா ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு. மெல்லிசு வயரைக் கொண்டு வந்தாங்க, திருப்பி அனுப்பிட்டாரு, நாலு ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) காப்பர் வயர் தவிர எதுவும் ஆகாதுன்னாரு. டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பாத்தா பல்பு மங்கலா எரிஞ்சுது, பில்டிங் எர்த் சரியில்ல. எர்த் சரியில்லன்னா கார் சார்ஜர் சிவப்பு லைட் போட்டுட்டு நின்னுக்கும். அப்புறம் தனியா குழி தோண்டி கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம், திரும்ப லேம்ப் வெச்சப்ப பளிச்சுன்னு எரிஞ்சுது. அதைப் பாத்துட்டு எங்க பில்டிங்லயே நாலு பேரு அவங்க வீட்டு எர்த்தை அப்பாகிட்ட காட்டிக்கிட்டாங்க. இப்பவும் நான் ராத்திரி சார்ஜ் போட்டா பத்து நிமிஷம் கழிச்சுக் கீழ வந்து பிளக் சூடாகுதான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் படுக்கப் போவாரு. 76 வயசுங்க.

நீங்களும் அபார்ட்மெண்ட்னா, பார்க்கிங்ல பாயிண்ட் இழுக்க அனுமதியை எழுத்துல வாங்கி, எர்த்தை ஒருக்கா செக் பண்ணிட்டு, அதுக்கப்புறம் அட்வான்ஸ் கட்டுங்க.